உராய்வு எதனை எதிர்க்கிறது?

உராய்வைப் பற்றித் தேர்வுக்குப் படிப்போருக்குப் பயன்படுமாறு சில கூற வேண்டும் என வானொலி நிலையத்தார் கேட்டபோது, என் நினைவில் முதலில் எழுந்தது ஒரு விடைத்தாள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் இயற்பியல் ஆசிரியனாகப் பணியில் அமர்ந்த புதிதில் திருத்திய தாள் அது. அதனை எழுதியவன் நசரத்பேட்டையிலிருந்து நாள்தோறும் பெங்களூர் நெடுஞ்சாலை வழியே மிதிவண்டியில் வந்து போன மாணவன்.

“உராய்வு விசை எத்திசையில் செயற்படும்? ஓர் எடுத்துக்காட்டுத் தருக” என்பது வினா, அதற்கு இரண்டு மதிப்பெண். “உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்” என்று வகுப்பில் நான் சொல்லியிருந்தேன். அவன் அவ்வாறு எழுதவில்லை. “மிதிவண்டியின் பின் சக்கரத்தின்மேல் தரை செலுத்தும் உராய்வு முன்னோக்கி இருக்கும், வண்டியை முன்னே செலுத்துவது அதுவே” என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுச் சுழியம் போட்டேன்.

மறுநாள் அவன் தாளை எடுத்துக்கொண்டு வந்தான். “சார், மழைக்காலத்தில் சேற்றில் பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. சேற்றில் உராய்வு குறைவுதானே? எதிர்க்கும் விசை குறைந்தால் வண்டி வேகமாக அல்லவா போக வேண்டும்?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. “புத்தகத்தில் உள்ளதை எழுது, போ” என்று அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது நேரிய கேள்வி; அவன் எழுதியது சரியான விடை. அவனுக்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகிறேன்.

ஒரு பொருளின் பரப்பு மற்றொரு பொருளின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதையோ, வழுக்க முற்படுவதையோ தடுக்கும் விசையே உராய்வு விசை. ‘வழுக்குதல்’ என்ற சொல்லை மனத்தில் இருத்துங்கள். உராய்வு எதிர்ப்பது தொட்டு நிற்கும் இரு பரப்புகளுக்கு இடையே உள்ள சார்பு வழுக்கலைத்தான். மேசைமேல் தள்ளிவிட்ட புத்தகம் முன்னே வழுக்குகிறது. ஆகவே அதன்மேல் உராய்வு பின்னோக்கி அமைந்து அதனை நிறுத்துகிறது. இந்த ஓர் எடுத்துக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு, “உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்” என்று பொதுவிதி வகுத்துக்கொண்டால் இடர்ப்பட நேரும்.

நாம் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அடி எடுத்து வைக்கும்போது பாதம் தரையைப் பின்னே தள்ளுகிறது. உராய்வே இல்லையெனில் பாதம் பின்னோக்கி வழுக்கிப் போகும்; எண்ணெய் சிந்திய தரையில் நடந்தவர்களுக்கு இது தெரியும். பின்னோக்கி வழுக்க முற்படும் பாதத்தை அவ்வாறு வழுக்கவிடாமல் தடுக்கும் உராய்வு முன்னோக்கித்தானே இருக்க வேண்டும்? அந்த முன்னோக்கிய விசையால்தான் நம் உடல் முன்னே செல்கிறது.

மிதிவண்டியும் இவ்வாறே. மிதியை மிதிக்கும்போது சங்கிலி பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. தரையைத் தொடும் இடத்தில் அச்சக்கரம் பின்னோக்கி வழுக்க முற்படுகிறது. ஆதலின் அதன்மேல் உராய்வு முன்னோக்கிச் செயற்படுகிறது. முன் சக்கரத்தின் நிலை வேறு. அதனை எந்தச் சங்கிலியும் சுழற்றவில்லை. வண்டி முன்னே செல்லும்போது அது சுழலாமல் முன்னோக்கி இழுபட முற்படுகிறது; அதனைத் தடுத்துச் சுழல வைக்கும் உராய்வு பின்னோக்கி அமைகிறது. மிதிப்பதை நிறுத்தித் தடையைப் பிடித்தால் இரு சக்கரங்களின்மேலும் உராய்வு பின்னோக்கித் திரும்பிவிடும். ஒரே வண்டியில் உராய்வு இருவேறு திசைகளில் செயற்படுவதைத் தேர்வில் அடிக்கடி கேட்பார்கள். மனப்பாடம் வேண்டா. “உராய்வு இல்லாவிட்டால் தொடும் இடம் எப்பக்கம் வழுக்கும்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு எதிர்ப்பக்கமே விடை.

இனி, மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் இரண்டாவது பிழைக்கு வருவோம். அது உராய்வின் அளவைப் பற்றியது.

20 கிலோகிராம் நிறையுள்ள மரப்பெட்டி ஒன்று தரையில் இருக்கிறது. தரை அதனை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசை 20 பெருக்கல் 9.8, அதாவது 196 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5 என்க. நீங்கள் 30 நியூட்டன் விசையுடன் கிடையாகத் தள்ளுகிறீர்கள், பெட்டி அசையவில்லை. இப்போது உராய்வு விசை எவ்வளவு? பலர் உடனே 0.5-ஐ 196-ஆல் பெருக்கி 98 நியூட்டன் என எழுதிவிடுவர். 98 நியூட்டன் உராய்வு பின்னோக்கி இருந்தால், 30 நியூட்டன் விசையுடன் தள்ளும் உங்களை நோக்கிப் பெட்டி தானே பாய்ந்து வருமன்றோ? அவ்வாறு எங்கும் நிகழ்வதில்லை. சரியான விடை 30 நியூட்டன். 50 நியூட்டன் விசையுடன் தள்ளினால் உராய்வும் 50. தள்ளுவதை நிறுத்தினால் சுழியம். ஓய்வுநிலை உராய்வு தேவைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் விசை. 98 நியூட்டன் என்பது அதன் உச்ச வரம்பு மட்டுமே. கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் வரை கடன் தருவார் என்றால், நாம் எப்போதும் அவருக்கு ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருக்கிறோம் என்று பொருளாகாது.

அந்த வரம்பைக் கடந்து 100 நியூட்டன் விசையுடன் தள்ளினால் பெட்டி வழுக்கத் தொடங்கும். வழுக்கத் தொடங்கியதும் உராய்வு சற்றுக் குறைகிறது. இதற்கு இயக்க உராய்வு என்று பெயர். இயக்க உராய்வுக் குணகம் 0.4 எனின் உராய்வு விசை 78.4 நியூட்டன். எஞ்சிய 21.6 நியூட்டன் பெட்டியை முடுக்குகிறது. 20-ஆல் வகுக்க முடுக்கம் நொடிவர்க்கத்திற்கு 1.08 மீட்டர். கனத்த பீரோவை நகர்த்துவோர், முதல் அசைவு வரை மூச்சைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பிறகு சற்றே தளர்வதன் காரணம் இதுதான்.

கணக்கில் செங்குத்து விசையை எப்போதும் பொருளின் எடை என்று கொள்ளுதலும் தவறு. அதே பெட்டியைக் கயிறு கட்டி, கிடையுடன் 30 பாகை மேல்நோக்கிச் சாய்த்து 60 நியூட்டன் விசையுடன் இழுப்போமாயின், கயிறு எடையில் 30 நியூட்டனைத் தான் தாங்கிக்கொள்கிறது. செங்குத்து விசை 166 ஆகக் குறைகிறது. அதே சாய்வில் பின்னிருந்து கீழ்நோக்கித் தள்ளினால் அது 226 ஆகிவிடும். மைதானத்தில் உருளையைத் தள்ளுவதினும் இழுப்பது எளிது என்பதன் விளக்கம் இதனுள் அடங்கியுள்ளது.

இவ்விதிகள் ஒரே நாளில் கிடைத்தவையல்ல. இத்தாலியக் கலைஞர் லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் உராய்வு பற்றிய சோதனைகளை எழுதி வைத்தார். அவை அக்காலத்தில் வெளிவரவில்லை. 1699-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான அமாந்தோன், உராய்வு அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்றும், தொடும் பரப்பளவைச் சார்ந்ததன்று என்றும் அறிவித்தார். மின்னூட்ட விதியால் நீங்கள் அறிந்துள்ள கூலூம், பல சோதனைகள் செய்து 1785-இல் அவற்றை உறுதிப்படுத்தினார்; வழுக்கும் வேகம் மாறினாலும் இயக்க உராய்வு பெரிதும் மாறுவதில்லை என்பதையும் கண்டார்.

பரப்பளவைச் சார்ந்ததன்று என்னும் விதி பலருக்கு வியப்பளிக்கும். செங்கல்லைப் படுக்கை வாட்டில் வைத்து இழுத்தாலும், பக்க வாட்டில் நிறுத்தி இழுத்தாலும் ஒரே விசை தேவைப்படுவது ஏன்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த பவுடன், டேபர் என்னும் இருவர் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தனர். எத்துணை வழவழப்பான பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தோன்றும். இரு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேட்டு முனைகளில் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் பரப்பளவில் அது மிகச் சிறிய பங்கு. அழுத்தம் மிகுந்தால் அம்முனைகள் நசுங்கி, மெய்யான தொடுபரப்பு மிகுகிறது. செங்கல்லை எப்படி வைத்தாலும் எடை ஒன்றே. ஆதலின் மெய்யான தொடுபரப்பும் ஏறத்தாழ ஒன்றே. முனைகள் தொடும் இடங்களில் அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அப்பற்றை அறுக்க வேண்டிய விசையே உராய்வின் பெரும்பகுதி. எனவே “பரப்பு சொரசொரப்பாயிருப்பதே உராய்வுக்குக் காரணம்” என்று மட்டும் எழுதினால் விடை பாதியளவே நிறைவுறும்.

உராய்வுக் குணகத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு பலகையின்மேல் செங்கல்லை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். கல் நழுவத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயர்த்திய முனையின் உயரத்தை அளந்து, கிடைத் தொலைவால் வகுங்கள். உயரம் 40 செண்டிமீட்டர், கிடைத் தொலைவு 80 செண்டிமீட்டர் எனில் குணகம் 0.5. அந்தச் சாய்வுக் கோணத்தைச் சறுக்குக் கோணம் என்பர். அதன் டேன்ஜென்ட் மதிப்பே ஓய்வுநிலை உராய்வுக் குணகம். இக்கணக்கில் நிறை அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். சரிவில் இழுக்கும் விசையும், உராய்வின் வரம்பும் ஒருசேர எடையோடு வளர்கின்றன.

மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்கே பாறைச் சரிவில் நிற்கும் பெருங்கல்லைப் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று மக்கள் அழைக்கும் அக்கல்லின் எடை ஏறத்தாழ 250 டன் என மதிப்பிட்டிருக்கிறார்கள். “இத்துணைப் பெரிய கல் எங்ஙனம் சறுக்காமல் நிற்கிறது?” என்று வியப்போர் பலர். எடை மிகுந்தால் சறுக்கும் நாட்டமும் மிகும். பற்றிக்கொள்ளும் ஆற்றலும் அதே விகிதத்தில் மிகும். அச்சரிவு கருங்கல்லின் சறுக்குக் கோணத்திற்குக் குறைவாயிருப்பதால் 250 டன் கல்லும் 250 கிராம் கல்லும் அங்கே ஒன்றுபோலவே சறுக்காமல் நிற்கும். அது உருண்டு விழாமலிருப்பதற்குக் காரணம் வேறு. அடியில் பாறையோடு பொருந்தும் இடத்திற்கு நேர்மேலே அதன் ஈர்ப்பு மையம் அமைந்திருப்பதே அது. சறுக்கலைத் தடுப்பது உராய்வு. உருளலைத் தடுப்பது அமைப்பு.

உராய்வின் வரம்பு போதாமற் போன இடமும் நம் மாநிலத்தில் உண்டு. அது நீலகிரி மலை இருப்புப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் திறக்கப்பட்ட அப்பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏற்றம். கணக்குக்காக, எஞ்சின் 50 டன், பெட்டிகள் 100 டன் எனக் கொள்வோம். 150 டன்னைச் சரிவில் மேலே இழுக்க 12.5 டன் எடைக்கு ஈடான விசை வேண்டும். பற்றி இழுப்பவை எஞ்சினின் சக்கரங்கள் மட்டுமே; உலர்ந்த எஃகுத் தண்டவாளத்தில் குணகம் 0.25 எனின், அவற்றின் வரம்பும் 12.5 டன்தான். மழையும் மூடுபனியும் தண்டவாளத்தை நனைத்துக் குணகம் 0.15 ஆகிவிட்டால் வரம்பு 7.5 டன்னாகக் குறையும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். நசரத்பேட்டை மாணவனின் சக்கரம் சேற்றில் சுழன்றதும் இதுவும் ஒன்றே. ஆகவே பொறியாளர்கள் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்தண்டு அமைத்து, எஞ்சினின் பல்சக்கரம் அதில் கௌவி ஏறுமாறு செய்தனர். உராய்வு கைவிடும் இடத்தில் பல் கைகொடுக்கிறது.

வழுக்குவதினும் உருள்வதில் எதிர்ப்பு மிகக் குறைவு. எஃகுச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது எழும் எதிர்ப்பு, அது தாங்கும் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களை மக்கள் வடம் பிடித்து இழுக்க முடிவது சக்கரம் உருள்வதால்தான். அத்தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுகிறார்கள். கட்டையில் ஏறிய சக்கரம் உருள முடியாமல் உரசி நிற்கிறது. உருளும் உராய்வை வழுக்கும் உராய்வாக மாற்றிப் பெருவிசையை அடக்கும் உபாயம் அது.

அம்பத்தூரில் 1949-இல் தோன்றிய டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் மிதிவண்டிகள் நம் வட்டாரத்தில் பலருக்குப் பள்ளிக்கூட வாகனமாயின. அத்தகைய ஒரு வண்டியைப் பிரித்துப் பாருங்கள். அச்சில் எஃகுக் குண்டுகளும் மசகும் இட்டு உராய்வைக் குறைத்திருக்கிறார்கள். டயரில் ரப்பரும் வரிப்பள்ளமும், தடையில் ரப்பர்க் கட்டையும் வைத்து உராய்வைப் பெருக்கியிருக்கிறார்கள். உராய்வு நன்மையா தீமையா என்னும் கேள்விக்கு, ‘எந்த இடத்தில்?’ என்பதே மறுகேள்வி.

இறுதியாக, தேர்வுத்தாளுக்கு வெளியே உள்ள ஒரு கணக்கு. என் இளமையில் நசரத்பேட்டை வழியே சென்ற சாலை குறுகியது. இன்று பெங்களூர் நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் அங்கே சந்திக்கின்றன. இரவும் பகலும் வண்டிகள் ஓய்வதில்லை. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் ஒரு வண்டியை நிறுத்த வேண்டும். நிற்கும் தொலைவைக் காண, வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலனைப் போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். உலர்ந்த சாலையில் குணகம் 0.7 என்றால் 16.4 மீட்டர். நனைந்த சாலையில் 0.4 என்றால் 28.7 மீட்டர். ஓட்டுபவர் கண்டு, எண்ணி, தடையை மிதிக்க ஒரு நொடி ஆயினும் அதற்குள் வண்டி 15 மீட்டர் கடந்திருக்கும். ஆக, உலர்ந்த சாலையில் 31 மீட்டரும், மழையில் ஏறத்தாழ 44 மீட்டரும் தேவை. வேகம் இருமடங்கானால் தடை பிடித்தபின் செல்லும் தொலைவு நான்கு மடங்காகும். நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறல் பெருமழையைவிடவும் ஏமாற்றும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து மசகாகிவிடும்.

திடுமெனத் தடையை முழுவதும் அழுத்தினால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். அப்போது உதவுவது குறைந்த அளவினதாகிய இயக்க உராய்வு. அதோடு திருப்பும் ஆற்றலும் போய்விடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் தடைக்கருவி புதிய வண்டிகளில் இருப்பது இதனாலேயே. டயரின் வரிப்பள்ளங்கள் சாலை நீரை வெளியேற்றி ரப்பரைத் தரையோடு தொடவைப்பவை. அவை தேய்ந்தபின், மழையில் ரப்பருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் நின்றுவிடும். மிதிவண்டியிலோ மோட்டார் வண்டியிலோ பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் நீங்கள், ஓய்வுநிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

தேர்வறையில் உராய்வுக் கணக்கு வந்தால் மூன்றைச் செய்யுங்கள். முதலில் படம் வரைந்து, தொடும் இடம் எப்பக்கம் வழுக்க முற்படுகிறது என்று பாருங்கள். அடுத்து, செங்குத்து விசையைப் படத்திலிருந்து கண்டுபிடியுங்கள். எடையை அப்படியே எழுதிவிடாதீர்கள். பின்னர், பொருள் வழுக்குகிறதா, நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நின்றால் உராய்வு தேவையின் அளவு, வழுக்கினால் இயக்கக் குணகத்தின் அளவு.

ஆசிரியராகப் போகும் இளைஞர்களுக்கு ஒரு சொல். அந்தச் சிவப்புக் கோட்டின் தவற்றைச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு விடுமுறைப் பயிற்சி வகுப்பிற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது நானே கண்டுகொண்டேன். அதற்குள் அம்மாணவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். எங்கிருக்கிறான் என்று அறியேன். அதன்பின் மாணவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது, “தெரியவில்லை, நாளை பார்த்து வந்து சொல்கிறேன்” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். தலைமையாசிரியனாகி ஓய்வு பெறும் வரையில் அதனால் எனக்கு மதிப்புக் குறையவில்லை.

அவன் இப்போது ஐம்பது வயதைக் கடந்தவனாயிருப்பான். எங்கேனும் இருந்து இதனைக் கேட்க நேர்ந்தால் அவன் அறிய வேண்டியது இது: தம்பி, நீ எழுதிய விடை சரி. உனக்கு உரிய இரண்டு மதிப்பெண்ணை இன்று தந்துவிட்டேன்.